பாதியில் நின்றுவிடுமோ?

தேர்வு பயத்துக்குத் தேதி உண்டு. ஹால் டிக்கெட்டில் அச்சிட்ட நாள் நெருங்க நெருங்க ஏறும். விடைத்தாளைக் கட்டிக் கொடுத்ததும் இறங்கும். பட்டப் படிப்பையே முடிக்காமல் நின்றுவிடுவோமோ என்ற பயத்துக்கு அப்படி ஒரு நாள் குறித்திருக்காது. முதல் பருவத்தில் இரண்டு தாள் போனதும் தொடங்கும். அதன் பிறகு மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ கூடவே வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் விடாது. 'எப்பம்மா முடியுது படிப்பு?' என்று கேட்க அடுத்த வீட்டில் ஓர் அத்தை இருப்பார். இந்தப் பயத்தைத் தேர்வு பயத்தின் ஒரு கிளையாக எண்ணி அதே மருந்தைக் கொடுத்தால் பாதிதான் வேலை செய்யும். இதற்குள் நெஞ்சு படபடப்பும் இருக்கிறது, வரவு செலவுக் கணக்கும் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கொடைக்கானலைச் சுற்றியுள்ள பழனி மலைத்தொடர் வசதியான இடம். இங்கே படிப்பு நிற்பதற்கான காரணங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கின்றன. உயர்கல்விக்கு வழியில்லாத மலை இது என்று சொல்ல முடியாது. பெண்களுக்கென்றே 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் இருக்கிறது. அடிவாரத்தில், பழனி தண்டாயுதபாணி சுவாமி தேவஸ்தானம் நடத்தும் பழனியாண்டவர் கல்லூரிகள் இருக்கின்றன. சின்னக்கலையம்புத்தூரில் உள்ள அதன் மகளிர் கல்லூரி மலைமேல் இருக்கும் அதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகிறது. ஆனால் படிக்க வரும் பிள்ளைகள் இருப்பது வேறெங்கோ. மேல்மலையில் பூம்பாறை கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், மன்னவனூர் ஏறத்தாழ 35. கவுஞ்சி, பூண்டி, கிளாவரை அதற்கும் அப்பால். கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை. மலைப்பாதையில் கிலோமீட்டர் கணக்கை விடப் பஸ் கணக்குதான் செல்லுபடியாகும். கடைசி பஸ் போய்விட்டால் அன்றைய நாள் போயிற்று.

பருவத் தேர்வின் நாட்காட்டியும் மலையின் நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. ஒற்றைப்படைப் பருவங்களின் தேர்வு நவம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழை மலைச்சாலையில் மண்ணையும் மரத்தையும் சரிப்பதும் நவம்பரில்தான். கீழ்மலைத் தோட்டங்களில் அரபிகா காப்பிப் பழம் சிவந்து, வீட்டில் இருக்கும் எல்லாக் கைகளும் தேவைப்படுவதும் அதே மாதத்தில்தான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே நகர்ந்தபோது, கொடைக்கானல் சாலைகளில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து நின்றது. பல்கலைக்கழகங்கள் பல தேர்வைத் தள்ளிவைத்தன. ஆனால் சின்ன மண்சரிவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் தேர்வைத் தள்ளிவைக்காது. மேல்மலையில் பூண்டு பிடுங்கும் வாரத்தில் வகுப்புக்கு வராத மாணவனின் வருகைப் பதிவேட்டில் 'பூண்டு' என்று எழுத இடமும் கிடையாது. எழுபத்தைந்து விழுக்காடு வருகை என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆக, மன்னவனூரிலிருந்து வரும் ஒரு மாணவன் 'முடிக்க மாட்டேனோ' என்று பயப்பட்டால் அதில் ஒரு பங்கு பயமே இல்லை, அது தகவல். பஸ், பணம், வருகை, அப்பாவின் உடல்நிலை எல்லாம் அதில் அடங்கும். மிச்சப் பங்கு, அந்தத் தகவலை வைத்துக்கொண்டு உடம்பும் மனமும் செய்கிற வேலை. தகவலுக்கு ஏற்பாடு வேண்டும். மிச்சத்துக்குப் பயிற்சி வேண்டும். பஸ் இல்லாதவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதும், நடுங்கும் பிள்ளைக்கு உதவித்தொகைப் படிவம் கொடுத்து அனுப்பிவிடுவதும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள்.

உடம்பு செய்யும் வேலையை முதலில் பார்க்கலாம். மூளையின் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை முகர்ந்ததும் அட்ரினலின் சுரக்கும், சற்றுப் பிந்திக் கார்டிசால் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலங்கும். காட்டெருமை எதிரே வந்தால் இது உயிர் காக்கும் ஏற்பாடு. கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எருமை போனதும் உடம்பு அடங்கிவிடும். பட்டப் படிப்பு அப்படி எதிரே வந்து நிற்பதுமில்லை, விலகிப் போவதுமில்லை. நினைக்கும்போதெல்லாம் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நிற்கிறது. முதலில் கெடுவது தூக்கம்.

1967இல் லீபர்ட், மாரிஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் தேர்வு பயத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: உடம்பின் படபடப்பு ஒன்று, மனத்தின் கவலைப் பேச்சு இன்னொன்று. மதிப்பெண்ணோடு கூடுதலாகத் தொடர்புள்ளது கவலைப் பேச்சுதான் என்று அதன் பிறகு வந்த பல ஆய்வுகளிலும் தெரிந்தது. கை நடுங்கிக்கொண்டே நன்றாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர். 'இது போனால் என்ன ஆகும், வீட்டில் என்ன சொல்வார்கள்' என்று உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தால்தான் எழுத முடிவதில்லை. காரணம் எளிது. ஒரு கணக்கைப் போடும்போது எண்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் செயல்நினைவின் கொள்ளளவு மிகக் குறைவு. கவலைப் பேச்சும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. ஐந்து பேர் உட்காரும் ஜீப்பில் மூன்று மூட்டை ஏறிவிட்டால் மீதி ஆட்கள் எங்கே உட்காருவார்கள்?

'கொஞ்சம் பயம் நல்லது' என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1908இல் யெர்க்சும் டாட்சனும் செய்த சோதனை. அது எலிகளின் மேல் நடந்தது. கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி வைத்து, தவறான பெட்டிக்குள் போன எலிக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலி வேகமாகக் கற்றது. வேறுபாடு மங்கலாக இருந்தபோது மிதமான அதிர்ச்சிதான் பலித்தது. இதிலிருந்து கல்லூரி மாணவருக்கு இத்தனை பயம் என்று அளந்து கொடுக்க முடியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: வேலை கடினமாக இருக்கும் இடத்தில் கூடுதல் பயம் கெடுக்கும். அரியர் விழும் தாள்கள் பொதுவாகக் கடினமான தாள்கள்தான்.

அரியர் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தனி வாழ்க்கை உண்டு. ஆங்கிலத்தில் அது நிலுவை. இங்கே அது மாணவனோடு ஒட்டிய அடைமொழி. 'அவனுக்கு எட்டு இருக்கு' என்றால் எட்டு என்ன என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பயம் எப்படி வளர்கிறது என்பதை அரியர் தாள் ஒன்றை வைத்தே பார்க்கலாம். முடிவு வெளியாகும் நாள். இணையதளத்தில் பதிவு எண்ணை அடிக்க வேண்டும். மாணவி எண்ணை அடிக்கிறாள், பிறந்த தேதியை அடிக்கிறாள், 'சமர்ப்பி' பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நிற்கிறது. 'சாயந்திரம் பார்க்கலாம்' என்று போனைக் கவிழ்த்து வைக்கிறாள். அந்த நொடியில் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது. அந்த ஆறுதல்தான் சிக்கல். எதைச் செய்ததும் வலி குறைந்ததோ அதை மறுபடி செய்ய உயிரினம் கற்றுக்கொள்ளும். தவிர்ப்பைப் பற்றி 1947இல் உளவியலாளர் ஓ.எச். மவ்ரர் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது. மாலையில் பார்க்கவில்லை. மறுநாள் தோழியின் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை. பிறகு துறைத்தலைவர் அறைப் பக்கம் போவதில்லை, மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் தேதி தாண்டிவிடுகிறது, அடுத்த பருவத்துக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும் நாளும் தாண்டுகிறது. பயந்தது நடக்கவில்லை என்று மனத்துக்கு ஒருபோதும் தெரியவருவதில்லை. அது தெரியும் இடத்துக்குத்தான் அவள் போவதே இல்லையே.

கணித மேதை ராமானுஜனும் இப்படி ஒருமுறை ஓடியிருக்கிறார். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார்; கணிதம் தவிர வேறெதையும் படிக்காததால் உதவித்தொகை போயிற்று; 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வை 1906 டிசம்பரிலும் 1907 டிசம்பரிலும் எழுதித் தோற்றார். பட்டமில்லாத அவருக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கப் பரிந்துரைத்தவர்களில் ஒருவர் கில்பர்ட் வாக்கர். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அன்று அவருடைய தலைமையில் இயங்கிய வானிலைத் துறையின் கீழ்தான் இருந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது. ராமானுஜனே எஃப்.ஏ. பெயிலானவர் என்று சொல்லி மாணவர்களைத் தேற்றுவது நம் ஊர் வழக்கம். அது எடுபடுவதில்லை, கேட்கிற பிள்ளைக்குத் தான் ராமானுஜன் இல்லை என்பது தெரியும். அந்த வரலாற்றில் பயன்படும் பகுதி விசாகப்பட்டினம்தான். அத்தனை பெரிய மூளையும் தோல்வியைச் சொல்ல வேண்டிய வீட்டைத் தவிர்த்து ரயிலேறியது.

பயத்தை ஒரேயடியாக அகற்றினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு முழு மாநில உதாரணத்தைத் தந்திருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டிக் காத்திருந்தவர்களின் அரியர் தேர்வுகளை ரத்து செய்து தேர்ச்சி அளிப்பதாக அரசு அறிவித்தது. அன்றைய முதலமைச்சரை வாழ்த்தி மாணவர்கள் சுவரொட்டி ஒட்டினார்கள், பேனர் கட்டினார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்ப்புத் தெரிவித்தது; வழக்கு உயர் நீதிமன்றம் போனது; 2021 ஏப்ரலில் தேர்வு நடத்தாமல் தேர்ச்சி தர முடியாது என்று ஆயிற்று. எட்டு மாதம் இறங்கியிருந்த பாரம் மறுபடி ஏறியது. தாளுக்குள் இருக்கும் பாடம் இடையில் எங்கும் போய்விடவில்லை என்பதால், அதைப் படிக்காமல் கழிந்த மாதங்களும் பாரத்தோடு சேர்ந்துகொண்டன.

பயத்தைக் குறைக்கும் வழிகளில் முதலாவது எண்ணுவது. 'டிகிரி முடியாது' என்பது எண்ண முடியாத பொருள்; தாள்கள் எண்ணக்கூடியவை. நான்காம் பருவத்தை முடித்த ஒரு வணிகவியல் மாணவியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 40 தாள் என்று வைத்துக்கொண்டால், அவள் எழுதியது 26, தேறியது 22. மீதி 14, அரியர் 4. இன்னும் இரண்டு பருவம் என்றால் ஒரு பருவத்துக்கு 7 புதுத் தாள், 2 பழைய தாள். அடுத்து ஒரு தாளின் உள்ளே போகலாம். 100 மதிப்பெண்ணில் உள்மதிப்பீடு 25, வெளித்தேர்வு 75, தேர்ச்சிக்கு 40 என்ற முறையில் உள்மதிப்பீட்டில் 16 இருந்தால் வெளியில் தேவை 24. வெளித்தேர்வுக்கென்று தனிக் குறைந்தபட்சம் இருக்கும்; அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் 27, 30 என்று மாறும். அதையும் சேர்த்தால் இலக்கு 30. ஐந்து அலகில் இரண்டை முழுதாகவும் ஒன்றைப் பாதியாகவும் அறிந்தவளுக்கு எட்டாத எண் இல்லை அது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதும்போது பயம் போய்விடாது. அதற்கு உருவம் வரும். கணக்குப் போட்ட பிறகு சிலருக்கு விடை மோசமாகவும் வரலாம். அதுவும் தகவல்தான், அதற்குரிய ஏற்பாடு பின்னால் வருகிறது.

எழுதி வைத்த திட்டத்துக்குத் தனிப் பலன் உண்டு. முடியாத வேலை மனத்தில் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். வேலையை முடித்தால் மட்டுமே அது அடங்கும் என்றில்லை, எங்கே எப்போது எப்படிச் செய்வது என்று குறிப்பாகத் திட்டமிட்டாலே குறுக்கீடு குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் காட்டினார்கள். 'நன்றாகப் படிக்கணும்' என்பது இந்தக் கணக்கில் சேராது. 'ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறியதும் புள்ளியியல் மூன்றாம் அலகின் முதல் கணக்கு' என்பது சேரும்.

எப்படிப் படிப்பது என்பதில் ஆய்வுகளின் முடிவு கொஞ்சம் கசப்பானது. பயந்தவர்கள் விரும்புவது திரும்பத் திரும்ப வாசிப்பதை. வாசித்த பக்கம் பழகிய முகமாகத் தெரியும், தெரிந்துவிட்டது போல இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எழுதிப் பார்ப்பது சுகமாக இருக்காது. தெரியாதது உடனே வெளியே வந்துவிடும். முடிவுப் பக்கத்தில் தயங்கி நின்ற அதே கட்டைவிரல்தான் இங்கே புத்தகத்தை மூடவும் தயங்குகிறது. பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து எழுதுவது பாடத்தையும் கற்றுத் தருகிறது, தவிர்ப்பையும் உடைக்கிறது. ஒரே செயலில் இரண்டு பலன் தரும் பயிற்சி வேறு அதிகம் இல்லை.

இதழ்களில் அடிக்கடி வரும் இன்னொரு யோசனை, தேர்வுக்கு முன் பத்து நிமிடம் கவலைகளை எழுதித் தீர்ப்பது. ராமிரெஸ், பைலாக் இருவரும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. உலகம் முழுக்கப் பரவிய அந்த முடிவு, புகழ்பெற்ற 21 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து 2018இல் வெளியான முயற்சியில் கைகொடுக்கவில்லை. நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதைப் பற்றிக் கார்ப்பிக்கும் பிளண்ட்டும் 2011இல் செய்த ஆய்வும் அதே பட்டியலில் இருந்தது, அது தேறியது. கவலையை எழுதுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இருக்கும் பத்து நிமிடத்தில் எதைச் செய்வது என்று கேட்டால், சூத்திரத்தை எழுதிப் பார்ப்பது மேல்.

தள்ளிப்போட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வது ஒழுக்கம் போலத் தோன்றும். கனடாவின் கார்லட்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாண்டு மாணவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு (2010) இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டு அந்தப் பாடத்தையே வலியாக்கிவிடுகிறது. வலியிலிருந்து ஓடுவதைத்தான் மேலே பார்த்தோம்.

தனியாள் செய்ய முடிந்தது இவ்வளவு. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு இன்னொரு பாரம் உண்டு. தாசில்தார் கையெழுத்திட்ட முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழை வாங்கிய நாளிலேயே வீட்டின் கண் முழுவதும் ஒருவர் மேல் விழுந்துவிடுகிறது. ஒரு தாள் போனால் தாள் போனதாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, 'இந்த இடம் நமக்கானது இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2011இல் வால்ட்டன், கோஹன் இருவரும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில், ஆரம்பத் தடுமாற்றம் எல்லோருக்கும் உண்டு, அது போகப்போகக் குறையும் என்று மூத்த மாணவர்கள் சொன்ன அனுபவங்களைப் புதியவர்களுக்கு ஒருமுறை படிக்கக் கொடுத்தார்கள். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் மூன்றாண்டுவரை உயர்ந்தது. அதையே 22 கல்வி நிலையங்களில் ஏறத்தாழ 27,000 பேரிடம் செய்து 2023இல் வெளியிட்டபோது ஒரு நிபந்தனை தெரிந்தது: இடம் கொடுக்கத் தயாராக இருக்கும் கல்லூரியில்தான் அந்தக் கதைகள் பலித்தன. கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு 'உள்ளே வா' என்று சொல்வதால் பயனில்லை.

கதவைத் திறப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்களில் இருக்கிறது. பழனியாண்டவர் கல்லூரி மாணவர்களுக்கு 2022 முதல் கோயில் சார்பில் காலைச் சிற்றுண்டி வழங்கப்படுகிறது. விடியுமுன் பஸ் ஏறும் பிள்ளைக்கு அந்தச் சிற்றுண்டி எத்தனை மணி நேரத்து வகுப்பு என்பதை எந்த வினாத்தாளும் அளக்காது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. ஆயிரம் ரூபாயில் கல்லூரிக் கட்டணம் அடங்காது. பஸ் பாஸும் ரெக்கார்டு நோட்டும் அடங்கும். படிப்பு நின்ற கதைகளில் அந்த நோட்டு வாங்காத நாள்தான் பல சமயம் முதல் நாள்.

பயம் நோயாக மாறும் எல்லையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, அறையைவிட்டு வெளியே வராமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாவைப் பற்றிய பேச்சு, இவற்றில் எது தென்பட்டாலும் படிப்பு யோசனைகளை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் எந்நேரமும் தமிழில் பேசலாம். 'படிக்கிற பிள்ளைக்கு என்ன டென்ஷன்' என்று சொல்லும் பெரியவரிடம் அந்தப் பிள்ளை இரண்டாம் முறை பேசாது.

கணக்கு மோசமாக வந்தவர்களுக்கும் வழி மூடிவிடுவதில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் படிப்புக் காலத்துக்கு மேல் சில ஆண்டு அவகாசம் தருகின்றன. அண்ணா பல்கலைக்கழக விதிகளில் நான்காண்டுப் பொறியியலுக்கு ஏழாண்டு வரை எல்லை இருந்தது. அதைக் கடந்தவர்களுக்கும் சிறப்புத் தேர்வு வாய்ப்புகள் அவ்வப்போது அறிவிக்கப்பட்டிருக்கின்றன. குடும்பச் சூழலால் ஒரு பருவம் நிற்பவர் சொல்லாமல் நின்றால் பெயர் நீக்கப்படும். கல்லூரியில் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றால் அதே பருவத்தில் மறுசேர்க்கை கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது முதல்வர் அலுவலகத்தில் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதம். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டால் திரும்புவது கடினம் என்பதால் அதைக் கடைசிவரை கேட்காமல் இருப்பதே நல்லது. கல்லூரிக்கு வரவே முடியாதவர்களுக்கு 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. தோட்ட வேலைக்கு நடுவே படிப்பவருக்கு ஒரு சுற்றில் தேர்வு எழுதாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளிவைக்க அங்கே இடமுண்டு. பட்டச் சான்றிதழில் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் இருக்கும். எந்தத் தாளை எப்போது தேறினார் என்பது மதிப்பெண் பட்டியலைப் புரட்டினால்தான் தெரியும்.